அந்தோனியார் சுரூபத்தருகே எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எதிர்க்கதவு வீட்டில் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்ணொருத்தி இருந்தாள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆயினும் ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களைப் பற்றிய கனத்த படப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து பார்ப்பது அந்நாட்களில் எனக்கு வழக்கமாகியிருந்தது. அவள் அதைக் கண்டு சிரிப்பாள். "அக்கா, நான் ஞானஸ்நானம் வாங்கினனான். கோயிலைப் பற்றிப் படிக்கிறது நீங்கள்."

அவளுடைய தம்பி ஊரில் காணாமற்போய் ஓராண்டு கடந்திருந்தது. காலையில் சைக்கிளில் புறப்பட்டவன் திரும்பவில்லை. ஒருநாள் வவுனியாவிலிருந்து தாய் தொலைபேசியில் பேசினாள். நீ இருக்கிற இடத்தில் ஒரு பெரிய கோயிலில் தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடு, படமெடுத்து அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டாள். பூசையை, அதாவது திருப்பலியை, உயிரோடிருப்பவரின் நலனுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். எதற்கென்று தாய் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை.

எங்கள் பகுதியில் தமிழ்ப் பூசை நடந்த கட்டடம் பள்ளிக்கூட மண்டபம் போலிருக்கும். ஆகவே நகர நடுவிலிருந்த பழைய தேவாலயத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. "உங்கட கமராவையும் கொண்டு வாங்கோ அக்கா" என்றாள். எனக்கும் அது நெடுநாள் ஆசை. புத்தகத்தில் கண்டவற்றுக்கு ஆறு நூற்றாண்டு பிந்திக் கட்டப்பட்டதுதான். ஆனால் அதே கூர்வளைவுகள், அதே உயரம்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. உருகிய பனி நடைபாதையில் சேறாகிக் கிடந்தது. முதலில் பக்கத்திலிருந்த கோயில் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கனிவாகவே பேசினார். யார் பெயரில் பூசை என்று கேட்டார். பிறகு, உயிரோடிருப்பவரா, இறந்தவரா என்று கேட்டார். நாளுக்கு எத்தனையோ முறை கேட்கும் கேள்வி அது. இவள், கோயிலைப் பார்த்துவிட்டு வருவதாக ஆங்கிலத்தில் சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

கோயில் வாசலில் நான் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"என்னக்கா செய்யிறியள்?"

"உள்ளுக்குப் போறதுக்குக் கழட்டத் தேவையில்லையோ?"

"மன்னாரிலயெண்டால் கழட்டலாம். இஞ்ச கால் விறைச்சுப் போகும். போட்டுக்கொண்டு வாங்கோ."

சப்பாத்துடன் உள்ளே நடந்தது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. தூண்கள் மேலே சென்று, கிளை பிரிந்து, ஒன்றையொன்று தொட்டுக் கூரையாகியிருந்தன. நிறக் கண்ணாடிகளில் வெளிச்சம் மங்கலாகத் தேங்கி நின்றது. 'பிளாஷ்' போடக் கூடாதென்று எழுதியிருந்தார்கள். எனவே இருக்கைகளின் முதுகில் கமராவைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு வளைவாக எடுத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. முழந்தாளிட்டு நெடுநேரம் இருந்தாள்.

பின்னர், பக்கச் சுவரோரம் நின்ற அந்தோனியார் சுரூபத்தின் முன் சென்றாள். தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று அவர்கள் நம்பும் புனிதர். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அருகே நின்றாள். தாய்க்கு அனுப்பவேண்டிய படம் இதுதான். கமராவின் கண்ணாடிக்குள் அவளையும் சுடரையும் பொருத்திப் பார்த்தேன். ஏதோ குறைவதுபோலிருந்தது. தம்பியின் கடவுச்சீட்டுப் படமொன்றை அவள் எப்போதும் கைப்பையில் வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

"தம்பின்ர படத்தையும் எடுத்து மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடியுமன். அம்மா ரெண்டு பேரையும் ஒண்டாப் பாப்பா."

அவள் பையைத் திறந்து படத்தை எடுத்தாள். சுடரின் பக்கம் கொண்டுபோன கை பாதியில் நின்றது. சட்டென்று அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அக்கா, உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்துக்கு ஆரும் விளக்கு வைப்பினமோ?"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையிலிருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீடுகளில், சைவமோ கிறிஸ்தவமோ, இறந்தவரின் படத்துக்குத்தான் சுடர் வைப்பது. அது எனக்கும் தெரிந்ததுதான். நான் ஒளியை மட்டுமே யோசித்திருந்தேன். ஆனால் தான் கேட்டதைக் கேட்டு அதிகம் திகைத்தவள் அவளே.

பிறகு மெழுகுதிரிகளை விட்டு விலகி, சன்னலின் கீழ் வெறுஞ்சுவர் பக்கம் போய் நின்றாள். படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். வளைவையும் தூணையும் சேர்த்து எடுக்க நான் பின்னால் போயிருக்கவேண்டும். முன்னால் போனேன். இரண்டு முகங்கள்; அவ்வளவே அந்தச் சட்டத்துக்குள் கொண்டது.

அலுவலகத்தில் அந்தப் பெண்மணி மறுபடியும் கேட்டார். உயிரோடிருப்பவர் என்று இவள் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு பூசைக்கான திகதியைச் சொன்னார்.

பூசை முடிந்து, படமும் போய்ச் சேர்ந்து, சில வாரங்களின் பின் தாய் மீண்டும் பேசினாள். அன்று மாலை மகள் என் கதவைத் தட்டி, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா படத்தைப் பார்த்திட்டா. என்னெண்டு சொல்லிப் பூசை குடுத்தனீ எண்டு கேட்டா. உயிரோட இருக்கிறவனுக்கெண்டு சொன்னன்."

"அம்மா என்ன சொன்னவ?"

"லைன் அறுந்துபோச்செண்டு நினைச்சன். பிறகு சொல்லுறா, 'நான் இஞ்ச ஆன்ம இளைப்பாற்றிக்குக் குடுத்திட்டன் பிள்ளை' எண்டு." அவள் முகத்தைத் துடைத்தாள். "அவதான் சொன்னா. 'பரவாயில்லை, ரெண்டும் இருக்கட்டும். நீ உன்ரயை விடாதை.'"

அவள் விடவில்லை. ஒவ்வோராண்டும் அதே மாதத்தில், அதே தேவாலயத்தில், அதே பதிலைச் சொல்லிப் பூசை கொடுத்துவந்தாள்.