மிச்சம் வைக்காத மேஸ்திரி

என் வீட்டுக்காரரின் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அண்ணி என்பேன், அவர் தம்பி அக்கா என்பார், மற்ற உலகத்துக்கெல்லாம் அவர் மேஸ்திரி. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக் கூடத்துக்கு அவர்தான் தலை. கட்டடத்துக்கு அடியில், சன்னல் இல்லாத நீளமான கூடம் அது. ஆள் உயர மெஷின்கள். மேலே அறைகள் காலியாகக் காலியாக, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து விழும். அத்தனையையும் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து மேலே அனுப்பிவிட வேண்டும்.

அங்கே மேஸ்திரி போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். வந்த மூட்டை அடுத்த ஷிப்டின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"மிச்சம் வெச்ச வேலையும் ஈரத்துணியும் ஒண்ணு. ரெண்டும் நாறும்" என்பார்.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியே அவருடைய வலது முட்டி போனது. சிமெண்டுத் தரையில் வருஷக் கணக்காக நின்ற கால். கடைசியில் அவர் வருவதற்கு முன்னால் முட்டியின் சத்தம் வந்துவிடும், எண்ணெய் காணாத கதவு போல. டாக்டர் முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார். "மாத்துங்க. பழுதான சாமானை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுறது" என்று அண்ணி உடனே சம்மதித்துவிட்டார். கடவுள் கிருபையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

அண்ணி தனியாக இருப்பவர். அவருடைய வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு கீழ்த்தளம். அதனால் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். நான் மனதார வாங்க அண்ணி என்றுதான் கதவைத் திறந்தேன். முதல் நாளே, உள்ளறையில் படுத்தபடி அவர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, சோப்பு அதிகமா போட்டிருக்க."

"எப்படி அண்ணி தெரியும்?"

"மெஷின் மூச்சு வாங்குதே, காதுல விழல?"

மறுநாள் என் அலமாரியில் இருந்த துண்டுகளை எல்லாம் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, பிரித்து, மறுபடி மடித்தார். ஓரம் ஓரத்தோடு ஒட்ட வேண்டுமாம். இருபது வருஷமாக நான் துண்டு மடிக்கவில்லை, சுருட்டித்தான் வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். விடியும் முன் போய், மதியம் வந்து தூங்குவார். அக்கா என்றால் அவருக்கு உயிர். அந்தப் பாசத்தில் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"அடுத்த தடவை டாக்டரைப் பார்க்குறதுக்குள்ள உன்னால மாடி ஏற முடியலன்னா, அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்க்கா. வீட்டு ஓனரும் கேட்டுக்கிட்டே இருக்கான். நீ பாட்டுக்கு இங்கேயே இரு. காலம் பூரா இரு. என்ன, நான் சொல்றது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து எங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை இருந்ததே இல்லை.

அந்த மாடி வீடு அவருக்கு வெறும் வீடு அல்ல. சொந்தச் சாவி, சொந்த அடுப்பு, சொந்த அலமாரி. ஒரு நாள் முழுக்க ஊரார் படுத்த விரிப்பைத் துவைத்துவிட்டு வந்து, தன் விரிப்பில் தான் படுக்கிற இடம். அதை விட்டால் மேஸ்திரி மேஸ்திரியாக இருக்க மாட்டார். எனக்கும் அது புரிந்தது. விடியற்காலை விளக்கேற்றி, அண்ணி நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்கே நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரியாததா?

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பிசியோ பெண் வந்தாள். சின்னப் பெண், பொறுமைசாலி. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, படுத்தபடி குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது, குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கட்டிலோடு அமுக்குவது, வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பது.

"கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா பிரிச்சுப் பண்ணணும்மா. நடுநடுவுல காலைத் தூக்கி வெச்சு, ஐஸ் வெச்சு, படுத்துக்கணும். முட்டிக்குக் கீழ மட்டும் தலகாணி கூடாது. பயிற்சி பாதி, ஓய்வு பாதி."

அண்ணி தலையாட்டினார். முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியிருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். அண்ணி வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலில் கிடந்தார். முகத்தில் போரில் ஜெயித்த களை.

"முடிச்சிட்டேன்" என்றார்.

"எதை அண்ணி?"

"இந்த வாரத்தை."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரே விளக்கினார். பிசியோ பெண் சொன்ன கணக்கை வாரம் முழுவதற்கும் கூட்டி, ஒரே மூச்சில் செய்துவிட்டாராம். "இனி அடுத்த வாரம் வரைக்கும் நிம்மதி. தினமும் இத்தனூண்டு, இத்தனூண்டுன்னு யாரு இழுத்துக்கிட்டுக் கிடக்குறது?"

சாயங்காலத்துக்குள் முட்டி பூசணிக்காய் ஆகிவிட்டது. தொட்டால் சுட்டது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "புது சாமான், பழகுற வரைக்கும் சூடாகத்தான் செய்யும்" என்றார். நான் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பிசியோ பெண் உடனே வந்து, காயத்தைப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, டாக்டரிடமும் போனில் பேசினாள். நல்ல வேளை, வேறு கோளாறு இல்லை.

"அம்மா, இந்த ரெண்டு நாள் நல்லா ஓய்வு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் அடுத்த வினை. மேஸ்திரியிடம் ஒரு வேலையைச் சொன்னால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதே. ஓய்வு என்றதும் அதையும் மிச்சம் வைக்காமல் எடுத்தார். கட்டை போல நீட்டிப் படுத்தவர், கால் விரலைக்கூட ஆட்டவில்லை. பாத்ரூம் போகக்கூட மூன்று தடவை கேட்ட பிறகுதான் எழுந்தார். இரண்டு நாள் நான்காகி, ஒரு வாரமும் ஆனது. என் வீட்டுக்காரர் வேறு, தூக்கத்தில் தனக்கு இருக்கும் அனுபவத்தை எல்லாம் அக்காவுக்கு அள்ளிக் கொடுத்தார்.

"முட்டிக்குக் கீழ தலகாணி வெச்சுக்கக்கா. சொகமா இருக்கும்."

சுகமாகத்தான் இருந்தது. அடுத்த முறை பிசியோ பெண் வந்து காலைப் பிடித்தபோது, முட்டி நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. மழைக்கு ஊறிய கதவு போல நடுவில் நின்றது. தலையணையைப் பார்த்த அந்தப் பொறுமைசாலிப் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

"முட்டிக்குக் கீழ வெக்கவே கூடாதுன்னு சொன்னேனே! இப்படியே இறுகிப் போனா, டாக்டர் மயக்க மருந்து குடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும். அப்புறம் மாடி எல்லாம் நெனச்சே பார்க்க முடியாதும்மா."

என் வீட்டுக்காரர் மெதுவாக நழுவிப் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் கழுவியிருந்தார்.

அண்ணி அந்தத் தலையணையை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்: "கண்ணு, எனக்கு ஒண்ணை முடிச்சாத்தான் இன்னொண்ணுல மனசு போகும். பாதியில நிறுத்திப் படுத்தா, மூட்டை அங்க கெடக்குது, நான் இங்க கெடக்குறேன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

பிசியோ பெண் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"அண்ணி, உங்க ஷிப்ட் முடிஞ்சதும் கூடத்தை என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த மேஸ்திரிகிட்ட ஒப்படைப்பேன். எந்த மெஷின் எப்படி இருக்குன்னு சொல்லிட்டுக் கையைக் கழுவிடுவேன்."

"அப்புறம் திரும்பி வந்து அவங்க மெஷின்ல கை வெப்பீங்களா?"

"சே சே! அவ ஷிப்ட்ல நான் கை வெச்சா அவளுக்கு என்ன மரியாதை?"

"அப்போ, பயிற்சி உங்க ஷிப்ட். ஓய்வு என் ஷிப்ட்" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார், வேலைக்குப் புதிதாக வந்தவளைப் பார்ப்பது போல.

"உனக்கு மேஸ்திரி வேலை தெரியுமா?"

"பழகிக்கிறேன் அண்ணி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புது நடைமுறை. அண்ணி தன் பங்குப் பயிற்சியைச் செய்வார். முடித்ததும் கணீரென்று சொல்வார்: "வீக்கம் கொஞ்சம். சூடு இல்ல. மடங்குறது நேத்தைக்கு மேல. ஒப்படைச்சேன்!" நான் கைக் காரியத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படுக்க மாட்டார். பிறகு கணுக்காலுக்குக் கீழே தலையணை, முட்டி மேல் துணி சுற்றிய ஐஸ். நேரம் ஆனதும் நான் ஒப்படைக்க, அவர் வாங்கிக்கொண்டு, "என்ன, ஐஸ் ஒரு பக்கமாவே வெச்சிருக்க" என்று குறை சொல்லிவிட்டு எழுந்திருப்பார்.

ஐஸ் என்றால், உறைந்த பட்டாணிப் பாக்கெட்டுதான். முட்டியில் வளைந்து உட்கார அதைப் போல எதுவும் இல்லை. ஒரு நாள் அதைக் காணோம். தேடிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பசிக்கு வேகவைத்து, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏன்டா, அது என் முட்டியில ஒரு வாரமா ஏறி எறங்குனதுடா!"

"அதானே பார்த்தேன், என்னடா இவ்வளவு பக்குவமா இருக்கேன்னு" என்றார் அவர்.

சிரித்துச் சிரித்து அண்ணிக்குக் காயம் வலித்தது.

அண்ணி சும்மா அடங்கிவிடவில்லை. என் ஷிப்டில் போர்வைக்குள் திருட்டுத்தனமாகக் காலை மடக்கிப் பார்ப்பார். ஒரு தடவை வாசலில் நின்று பிடித்துவிட்டேன்.

"காலை நீட்டுங்க அண்ணி! இது என் ஷிப்ட்!"

நான் அப்படிக் கத்தியதில் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. எனக்கே வெட்கமாகப் போய், உள்ளே போய்க் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணியோ காலை நீட்டிவிட்டு, "அடேயப்பா, இந்தக் குரலை இத்தனை வருஷமா எங்கம்மா வெச்சிருந்த? என் கூடத்துக்கு வரியா?" என்றார்.

அப்படியே வாரங்கள் போயின. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. எங்கள் வாசல் படியில் பிசியோ பெண் ஏறி இறங்கச் சொல்லிக்கொடுத்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில். டாக்டரைப் பார்க்கும் நாளும் வந்தது. அவர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே! மாடி ஏறிப் பாருங்க. அவசரம் மட்டும் வேண்டாம்" என்றார்.

அண்ணி வீட்டுக்கு வழி சொல்லத் தேவையே இருக்கவில்லை. ரொட்டி வண்டி நேராக அங்கேதான் போய் நின்றது. என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று வண்டியில் இருந்து ஒரு மர நாற்காலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணி ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார், மறு கையில் தடி. நான் பின்னால், மனதுக்குள் ஜபித்தபடி.

முதல் மாடி மளமளவென்று ஆனது. இரண்டாவது மாடிக்குப் பாதியில் அண்ணியின் மூச்சு எனக்குக் கேட்டது. பழைய மேஸ்திரி என்றால் இந்த இடத்தில்தான் வேகம் எடுப்பார். எடுத்தால் தீர்ந்தது கதை. நான் வாயைத் திறக்கலாமா, திறந்தால் ரோஷத்தில் ஓடிவிடுவாரா என்று தவித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணி நின்றார்.

"டேய், நாற்காலியைப் போடு."

போட்டார். அண்ணி அமர்ந்து, வலது காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முகத்தில் கவலையும் பாசமும் ஒன்றாகப் பொங்கின.

"நான்தான் சொன்னேனேக்கா. முடியாததுக்கு எதுக்கு மல்லுக்கட்டுற? வா, நம்ம வீட்டுக்கே போயிடலாம்."

"வாயை மூடுறா. முடியாம ஒண்ணும் உட்காரல. முடிக்கணும்னுதான் உட்கார்ந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவசரமே இல்லாமல் அமர்ந்திருந்தார். மேலே இருந்து கூடையோடு இறங்கி வந்த ஒரு பெண், "என்ன மேஸ்திரி, மாடிப்படியில கொலு வீற்றிருக்கீங்க?" என்று கேட்டாள். "ஆமா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் அண்ணி. இன்னும் அமர்ந்திருந்தார். மிச்சம் இருந்த படிகளை நிமிர்ந்து பார்த்தார், அவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பது போல. மூச்சு சீரான பிறகு எழுந்து, நல்ல கால், புதுக் கால், நல்ல கால், புதுக் கால் என்று மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை அடித்தது. மேசையில் தூசி. எனக்குத் துடைக்கக் கை பரபரத்தது. அண்ணி என்னை வாசலிலேயே நிறுத்தினார். என் கன்னத்தில் கை வைத்தார்.

"நீ நல்லா இருக்கணும்மா. இப்போ நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க. நான் படுக்கணும்."

"அக்கா, ஒரு வாய் தண்ணியாவது..."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில் ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான்.

நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். திறந்தபோது என் வீட்டுக்காரர் நாற்காலியைக் கீழே வைத்து, அதில் தொப்பென்று அமர்ந்து, தன் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்" என்றார். "என்னால இறங்க முடியல."