ஏழாவது இதழ்

கண்டிக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் இரண்டு பெட்டிகளை அவிழ்க்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் கட்டிய கயிற்றோடு அவை அலுமாரிக்கு மேலே இருந்தன. கணவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை. எனக்கு நகரத்தில் ஒரு பாடசாலையில் கணிதம். ஒரே மகன் வெளிநாட்டில். வீடு அமைதி, ஊர் குளிர்ச்சி, வந்தவர்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவள் என்றுதான் சொன்னார்கள். எனக்கோ ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

பாடசாலை விட்டதும் சில நாட்கள் குட்ஷெட் பஸ் நிலையம்வரை நடந்து போவேன். யாழ்ப்பாண பஸ் புறப்படத் தயாராக நிற்கும். ஏறமாட்டேன். யார் யார் ஏறுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேராதனை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவேன். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். இவருக்கு அதில் விருப்பமில்லை, ஆனால் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசாமலே இருந்தோம்.

எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, மலைச்சரிவைத் தாங்கும் நீளமான கருங்கல் மதில் ஒன்று இருக்கிறது. அதில் நடுவே மட்டும் சீமெந்து பூசியிருப்பார்கள். அந்த இடம் எப்போதும் டியூஷன் வகுப்பு விளம்பரங்களால் நிறைந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றபோது, விளம்பரங்கள் சுரண்டப்பட்டு அங்கே ஆளுயர வட்டம் ஒன்று வரையப்பட்டிருந்தது. நடுவில் புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றிச் சின்ன வளைவுகள், அவற்றைச் சுற்றிப் பெரிய இதழ்கள். நிறங்கள்தான் விசித்திரம். கத்தரிக்காய் நிறமென்றும் சொல்ல முடியாத ஓர் ஊதா, பாசி படிந்ததுபோல் ஒரு பச்சை. எந்தக் கடையிலும் யாரும் கேட்டு வாங்காத நிறங்கள்.

இதழ்கள் ஆறு. மிச்சமிருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த இடத்துக்கு ஓர் இதழ் போட்டால் மீதி வரும், இரண்டு போட்டால் இடம் போதாது. ஒன்றரை இதழுக்கான இடம்.

கணிதம் படிப்பிக்கிறவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. கவராயத்தின் வாயை ஆரையளவுக்குத் திறந்து வைத்து வட்டத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டே போனால் சரியாக ஆறாவது தடவையில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். எட்டு வேண்டுமென்றால் பாதி பாதியாகப் பிரிக்கலாம். ஏழு அப்படி வராது. அளவுகோலும் கவராயமும் கொண்டு ஒரு வட்டத்தைச் சரியாக ஏழாகப் பிரிக்க எவராலும் முடியாது. யாரோ ஏழுக்கு ஆசைப்பட்டு, கண்ணளவில் பிரித்து, கடைசியில் மாட்டிக்கொண்டு விட்டுப் போயிருந்தார்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. யாரும் வந்து அதை முடிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, மதிலிலை கிடக்கிற வட்டத்தைப் பாத்தனீங்களோ?" என்று இவரிடம் கேட்டேன்.

"எந்த வட்டம்?"

"பஸ் தரிப்பிடத்துக்கு முன்னாலை. எவ்வளவு பெரிசு!"

"நான் டியூஷன் விளம்பரமெண்டு நினைச்சன்," என்றார். தினமும் அதன் வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறார்.

அதன் பிறகு என் கண் மாறிவிட்டது. அதுவரை இந்த நகரத்தில் நான் பார்த்தது பஸ் இலக்கங்களை மட்டுந்தான். இப்போது மதில்களைப் பார்க்கத் தொடங்கினேன். சில வருடங்களுக்கு முன் நாடெங்கும் இளைஞர்கள் சுவர் சுவராக வரைந்தார்களே, அந்தப் படங்கள் வெளிறிப்போய் இன்னும் அங்கங்கே இருந்தன. தும்பிக்கை உதிர்ந்த யானை, பாசி பிடித்த நடனக்காரி, மழையில் கரைந்த ஒரு முகம். அவற்றுக்கு நடுவே அந்த வட்டங்கள். சந்தைக்குப் பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கியில் ஒன்று. பேராதனைச் சந்தி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பூட்டிக் கிடந்த சலூன் ஒன்றின் இரும்புக் கதவில் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறும் ஒழுங்கையில் படிக்கட்டின் முகப்புகளில் ஒன்று. ஏறும்போது நிறக் கோடுகள்தான் தெரியும். கீழே இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து முழு வட்டமாகும். அந்தப் படிகளில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஒரு வீட்டு நாய் குரைத்துக் குரைத்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது.

ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்தேன். எல்லாவற்றிலும் அதே விசித்திர நிறங்கள், அதே கை. இதழ்களை எண்ணினேன். ஆறு, எட்டு, பன்னிரண்டு, எட்டு. ஏழு எங்குமே இல்லை.

யார் வரைந்ததென்று பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவரைக் கேட்டேன். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ஓட்டுகிறவர். என்னைத் தினமும் பார்க்கிறவர்தான், பேசியதில்லை.

"அந்த மண்டலாவா டீச்சர்? ஒரு தங்கச்சி வரையுது. முஸ்லிம் புள்ள. அவங்க அம்மாவ ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டு வருவாங்க. அம்மா உள்ள இருப்பாங்க, இது வெளிய வந்து வரையும். நான்தான் ரெண்டு தடவ பெயின்ட் டின்னெல்லாம் ஏத்தினேன்."

"இப்ப ஏன் வாறேல்லை?"

"தெரியாதுங்க. ஒரு மாசமாக் காணோம். தெல்தெனியாவுல ஹார்ட்வெயார் கடையில நிக்குதுன்னு சொன்னாங்க."

ஒரு மாதமாக வரவில்லை என்றதும் மனம் வேறு எங்கெல்லாமோ ஓடியது. கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த தாய் திடீரென்று வராமல் போவதற்கு என்ன காரணமிருக்கும்? அந்தச் சனிக்கிழமை, பாடசாலையில் கூட்டம் என்று இவரிடம் பொய் சொல்லிவிட்டுக் கண்டிக்குப் போய்த் தெல்தெனிய பஸ்ஸில் ஏறினேன். ஏன் பொய் சொன்னேனென்று இன்றைக்கும் தெரியாது. ஒரு வட்டத்தைப் பற்றிக் கேட்க இவ்வளவு தூரம் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்க வேண்டும். திகனையைத் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். நீர்த்தேக்கம் தெரிந்தபோது, இனி வந்தது வந்ததுதான் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது ஹார்ட்வெயார் கடையில் அவள் நின்றாள். முப்பது வயதிருக்கும். வாளிகளுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் பின்னால், நிறம் கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில். அவளுடைய சட்டைக் கையோரத்தில் அந்த ஊதா கறையாகக் காய்ந்திருந்தது.

"பேராதனை மதிலிலை வட்டம் கீறினது நீங்களோ?" என்றேன்.

முகம் மாறிவிட்டது. "யாராவது கம்ப்ளெய்ன் பண்ணினாங்களா?"

"இல்லை, இல்லை. நான் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். நீங்கள் அதை ஏழாப் பிரிக்கப் பாத்தனீங்கள். சரி வரேல்லை. அதுதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்! அது ஒங்களுக்கு வெளங்கினதா? ஆளுங்க எல்லாம் வடிவா ஈக்குன்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சன்."

"உங்கடை உம்மா எப்படி?" என்று தாயைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லா ஈக்கிறாங்க. முந்தி வாராவாரம் வரச் சொன்னாங்க, இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான். அதான் அந்தப் பக்கம் வரக் கெடைக்கல்ல." ஒரு டின் மூடியை அழுத்தி மூடியபடியே, "கெடச்சாலும் வந்தீக்க மாட்டன். வெக்கம்," என்றாள்.

நிறங்களின் கதையையும் அவள்தான் சொன்னாள். வாடிக்கையாளர் கேட்ட நிறம் பிசகிப்போனால் அந்த டின்னை யாரும் வாங்க மாட்டார்கள். கடை மாமாவுடையது, அவர் அவற்றை இவளிடம் கொடுத்துவிடுவார். ஒரு கல்யாண வீட்டுக்காரர் வேண்டாமென்று தள்ளிய செம்மஞ்சள் ஒரு வாளி நிறையக் கிடந்தது.

"ஏன் ஏழு?" என்று கேட்டேன். ஏதாவது பெரிய காரணம் சொல்வாளென்று எதிர்பார்த்தேன்.

"ஆறும் எட்டும் போட்டுப் போட்டு அலுத்துப் போய்ட்டு, டீச்சர். வேற ஒண்டு வேணும் போல இருந்திச்சு."

எனக்கு அதைவிட நல்ல காரணம் தோன்றவில்லை. ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கி, போனில் கணக்குப் பார்த்து எழுதினேன். ஆரை ஒரு மீற்றர் என்றால் அடுத்தடுத்த இரண்டு குறிகளுக்கு இடையே நேர்த்தூரம் எண்பத்தாறு தசம் எட்டு சென்ரிமீற்றர். "கயிறு வேண்டாம், இழுபடும். ஒரு மரச்சட்டத்தை இந்த அளவுக்கு வெட்டுங்கோ. கவராயத்தாலை சரியா ஏழு வராது, ஆனா இது கண்ணுக்குப் பிழை தெரியாத அளவுக்கு வரும்."

"எனக்கு ஓ.எல்.ல கணக்கு பெயில்," என்றாள், அந்தக் காகிதத்தை மடித்து வைத்தபடியே. "அப்படீன்டா, முழுக்க வெள்ள அடிக்கணும்."

"ஏன் முழுக்க? அந்த இடத்தை மட்டும்..."

"இல்ல டீச்சர். ஆறு எதழும் பிழை அளவு. ஒண்டையும் வெக்க ஏலா."

திரும்பி வரும்போது அந்த வார்த்தைதான் உறுத்தியது. வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்றுதான் நான் போனேன். இருப்பதையும் அழிக்கப் போகிறாள். அன்று மாலையே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொய்யையும் சேர்த்து. கோபிக்கவில்லை. "ஆர் வெள்ளை அடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அவளோடு போனில் பேசி ஏற்பாடு செய்து, உம்மாவின் அடுத்த கிளினிக் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள்தான் அடித்தோம். இவர் பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உருளைத் தூரிகையைப் பிடித்தார். முச்சக்கரவண்டிக்காரர் ஏணி கொண்டுவந்து தந்தார். ஊதா லேசில் மறையவில்லை. இரண்டாவது பூச்சு அடிக்கும்போது இவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"மாற்றம் கிடைச்சால் நீர் போவீரோ?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.

"தெரியேல்லை," என்றேன். "போகவேணும் போலவும் கிடக்கு. போனாப் பிறகு அங்கையும் இப்பிடித்தான் இருப்பனோ எண்டும் கிடக்கு."

"நான் வரமாட்டன் எண்டு நினைக்கிறீரோ?"

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லை."

அவ்வளவுதான் பேசினோம். கைகளில் வெள்ளையோடு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தோம்.

கிளினிக் நாளில் நான் லீவு போட்டேன். அவள் மதிலுக்குப் போக, தாயோடு நான் ஆஸ்பத்திரியில் இருப்பதென்று ஏற்பாடு. நீளமான வாங்கில் உட்கார்ந்தேன், எழுந்தேன், இலக்கத்தைப் பார்த்தேன், வாசலுக்குப் போய் வந்தேன்.

"உக்காருங்க மகள். நிண்டா மட்டும் கூப்பிட்டிருவாங்களா?" என்றார் அந்த அம்மா. என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். "ஒங்களப் போலத்தான் அவளும். முந்தி இங்க வந்தா நகத்தக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்திரும். பாக்க ஏலாம நான்தான் வெளிய போய்ட்டு வான்னு தொரத்தினன். போனவ மதிலெல்லாம் தட்டு வரஞ்சிட்டு வந்தா."

வட்டத்தை அவர் தட்டு என்றுதான் சொன்னார். பிறகு தன் நோய் வருத்தம் தொடங்கிய கதையைச் சொன்னார், ஊரில் மிளகு காய்த்திருப்பதைச் சொன்னார், என் மகனைப் பற்றிக் கேட்டார். மகன் கடைசியாக எப்போது போன் எடுத்தானென்று கேட்டபோது நான் போனைத் திறந்து திகதியைத் தேடத் தொடங்கினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார். அன்றைக்கு அந்த வாங்கில் எவ்வளவு நேரம் எழும்பாமல் இருந்தேன் என்பதை இலக்கம் கூப்பிட்ட பிறகுதான் கவனித்தேன்.

மத்தியானம் தாண்டி அந்த அம்மாவும் நானும் முச்சக்கரவண்டியில் மதிலடிக்குப் போனோம். ஓட்டுநரும் இறங்கி வந்து நின்றார். வெள்ளையில் பென்சில் கோடுகள். மூன்று இதழ்களுக்குக் கல்யாண வீட்டுச் செம்மஞ்சள் பூசியாகிவிட்டது. அவள் மரச்சட்டத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"டீச்சர், வந்து சேந்திட்டு! ஏழாவது தடவ மொத குறியிலயே வந்து விழுந்திச்சு. நம்பாம மூணு தரம் அளந்தன்."

நானும் அளந்தேன். பென்சில் கோட்டின் தடிப்பளவுதான் வித்தியாசம். ஓட்டுநர் கை தட்டினார். அவளுடைய உம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஈக்கு. மழ வரும், வா போவோம்," என்றார். மிச்ச இதழ்களை முடிக்க அவள் அடுத்த சனிக்கிழமை தனியாக வந்தாள்.

இடமாற்றப் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வந்தது. என் பெயர் அதில் இல்லை. பாடசாலை அதிபரின் அறையில் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுகை வருமென்று நினைத்தேன். முதலில் கோபம் வந்தது, பின்னால் மெல்ல ஓர் ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதல்தான் என்னைக் கூடுதலாகக் குழப்பியது.

இவரிடம் கோபத்தை மட்டும் சொன்னேன். "திரும்பவும் போடும். இந்த முறை நானும் ஒரு கடிதம் எழுதித் தாறன்," என்றார். அவர் அப்படிச் சொல்வாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்துப் பெயரை எழுதினேன். விரும்பும் மாவட்டம் என்ற இடத்தில் பேனை நின்றது.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கட்டுகஸ்தோட்டை பஸ் ஒன்று வந்தது. யாழ்ப்பாணம் போகும்போது கடந்திருக்கிறேனே தவிர, அங்கே ஒருநாளும் இறங்கியதில்லை. ஏறி, மதில்கள் தெரிகிற யன்னலோர இருக்கையில் அமர்ந்துகொண்டேன்.