ஒவ்வோர் இமைமுடியும்

குமாஸ்தாவான அவருக்கு ஐம்பது வயதில் ஸ்டுடியோ போட்டோ மோகம் வந்தது. அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், அதற்காவது மாத்திரை உண்டு என்பாள் அவர் மனைவி. முன்னறையிலிருந்து சோபா வெளியேறியது. குடை மாட்டிய இரண்டு ஃபிளாஷ் விளக்குகளும் கறுப்புத் துணியும் குடியேறின. வந்தவர்களைச் சமையலறையில் உட்காரவைத்தாள்.

முதலில் ஒரு கத்தரிக்காயைப் படம் எடுத்தார். அது சுருங்கியதும் மறுபடி எடுத்து, ‘முதுமை’ என்று பெயரிட்டு இணையக் குழுவில் போட்டார். நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தலை கால் புரியவில்லை.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. திரும்பி வரச் சில வருடங்களாகும். கிளம்புகிற மாலை அம்மாவுக்கு ஒரே ஆசை: தானும் மகளும் சேர்ந்து ஒரு படம். மகள் கைபேசியை எடுத்தாள்.

“வீட்லயே ஸ்டுடியோ இருக்கு, அந்தக் கருமத்துல எடுப்பியா?” அப்பா அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். மகள் பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்தாள்.

“மூச்சு விடாதே.”

“அப்பா, நான் கத்தரிக்காய் இல்ல.”

ஆடினால் மங்கிவிடுமென்று ஷட்டர் வேகத்தை ஐந்நூறுக்கு ஏற்றினார். எடுத்த ஒவ்வொரு படத்திலும் மகளின் ஒரு கண்ணை மட்டும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம்.

“ஒவ்வோர் இமைமுடியும் தெரியுது!”

“எண்ணி முடிச்சாச்சுன்னா விடுங்க. கார் வந்துடும்” என்றாள் அம்மா.

விளக்கை நகர்த்த அவர் அலைந்த நேரமெல்லாம் மகளின் கை அந்தத் தோளிலேயே இருந்தது. அதற்காகத்தான் அம்மா மேலே ஒன்றும் பேசவில்லை.

கார் வந்தது. கைபேசியை வாங்கிக்கொண்டு மகள் போனாள்.

பிறகுதான் படங்களைக் கணினியில் முழுதாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் மேல்பாதியில் மகள்; கீழ்ப்பாதி கரி. அவ்வளவு வேகத்தில் ஓடும் ஷட்டர், ஃபிளாஷ் மின்னுகிற நொடியில் பாதிப் படத்தை மறைத்துவிடும். கேமராவோடு வந்த புத்தகத்தில் இது இருக்கிறது. அவர் நிழலின் தத்துவம் படிக்கிறவர், அதையெல்லாம் பிரிப்பதில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். மகளின் கை முழங்கைவரை தெரிந்தது. அதற்குக் கீழே அம்மா இல்லை.

“கண்ணைப் பாரேன், என்ன தெளிவு!” என்றார். அவள் திரையின் கீழ்ப்பாதியில் விரல் வைத்தாள். “நீ தனியா உட்காரு. எடுத்து ஒட்டிடறேன்.”

“அவ கை என் தோள்ல இருந்துச்சுங்க. அதையும் ஒட்டுவீங்களா?”

அவர் உண்மையாகவே யோசித்தார்.

“தோள் மட்டும் வந்தாப் போதும்” என்று எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.