பரியச் சாமை

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில், கொல்லிமலையில் குழி வெட்டித் தானியம் சேமித்த ஒரே புண்ணியவான் எங்கள் சித்தப்பாதான். எங்கள் மழைக்காலத்தை ஒருமுறை பார்த்தவன் அதற்காகக் கடப்பாரையைத் தொடமாட்டான். அவரோ மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமந்துபோன இடத்தில், ஒரு பண்ணைக்காரர் வீட்டுத் தரைக்கடியில் சோளம் வருஷக்கணக்காகக் கெடாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அன்று பிடித்தது சனியன்.

அவருக்கு எங்கள் மலையிலேயே பெரக்கரை நாட்டில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். எங்களில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்கவேண்டும். அவர்கள் கேட்டது சாமை. பரணில் வைத்தால் பாதியை எலி தின்னும். ஆடி மாதத்துப் பசியில் மீதியை நாங்கள் தின்போம். அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துத் 'தொடாதே' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் உள்ளறைத் தரையைத் தோண்டினார்.

அப்பா வாசற்படியில் நின்று சிரித்தார்.

"மலையில வெட்டுனா அது குழியில்லடா, கெணறு. சாமைக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டுக்கிட்டயா?"

சித்தப்பா தோண்டி முடித்தார். செம்மண்ணும் சாணமும் குழைத்துக் குழிச்சுவரை மெழுகினார். உள்ளே நெருப்பு மூட்டிச் சுட்டார். அடியில் சாம்பல் கொட்டி, சுற்றிலும் காய்ந்த புல்லை அடைத்து, சாமையைக் கொட்டிப் பலகை போட்டு மண் பூசினார். ஐப்பசி மழை பிடித்தது. வானத்துத் தண்ணீரைக் கூரை தடுத்தது. மேட்டுப் பாறைக்குள் ஊறி மண்ணுக்கடியில் வந்த தண்ணீரை எது தடுக்கும்? திறந்து பார்த்தால் அடிச்சாமை நமுத்திருந்தது. அத்தனையையும் அள்ளி அடுப்படியில் பரப்பி உலர்த்தினார். வீட்டுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பப் பார்த்தார்.

வீட்டில் சின்னவள் நான் என்பதால் வெறுங்குழிக்குள் இறங்கிச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குதிப்பேன்.

"உள்ளங்கைய ஒட்ட வெச்சுப் பாரு கண்ணு. சில்லுன்னு இருக்குதா?"

"சில்லுன்னுதான் இருக்குது சித்தப்பா."

அவர் முகம் விழுந்துபோகும், பார்க்கவே பாவமாக இருக்கும். மறுபடி சாணம், மறுபடி நெருப்பு. வீடெல்லாம் புகை சூழ, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே களி கிண்டுவாள். ஒருவழியாகக் கடைசி முறை சுவர் மொறமொறவென்று காய்ந்திருந்தது. சாமையைக் கொட்டி மூடி, அதன்மேலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார் சித்தப்பா. மழையோ விடுகிற வழியாக இல்லை.

பரியச் சாமையைக் கண்ணால் பார்த்துவிட்டு நாள் குறிக்க, பெண்ணின் அப்பாவும் அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் நனைந்துகொண்டே வந்தார்கள். அம்மா அவர்களுக்காக நெல்லுச்சோறு பொங்கினாள். நோன்பு நாளில் மட்டும் நாங்கள் கண்ணில் காண்கிற சோறு அது.

சித்தப்பா பலகையைத் தூக்கினார். புளித்த கஞ்சி வாடை குப்பென்று அடித்தது. நான் எட்டிப் பார்த்தேன். சாமை முழுக்க வெள்ளை வெளேரென்று முளை விட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாரியம்மன் நோன்பில் முளை நன்றாக வந்தால் ஊருக்கு நல்ல காலம் என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

"முளைப்பாரி! எங்க சாமையில முளைப்பாரி!" என்று கைதட்டிக் குதித்தேன். யாரும் என்னை அதட்டவில்லை.

பெண்ணின் அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். உதறிவிடாமல் மெல்லத் திருப்பி வைத்தார். நல்ல மனுஷன்.

"மழ வலுக்கறதுக்குள்ள நாங்க கெளம்பறமுங்க."

"ஏனுங்க, சோறு வெந்துருச்சுங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"இருக்கட்டுமுங்க" என்றார் அவர். கை நனைக்காமலே இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

சித்தப்பா குழியோரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "உடுறா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம்வரை வயசுப்பெண்ணை எந்த வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? அது சித்தப்பாவுக்கும் தெரியும், சொன்ன அப்பாவுக்கும் தெரியும்.

விருந்தாளிகளுக்குப் பொங்கிய சோறு முழுக்க எங்களுக்கே கிடைத்தது. சித்தப்பா தன் இலையில் விழுந்ததையும் என் இலைக்குத் தள்ளிவிட்டார்.

"தின்னு கண்ணு."

தின்றேன். நெல்லுச்சோற்றை வயிறு முட்டத் தின்றது அன்றைக்குத்தான். கை கழுவிக்கொண்டே மாரியம்மனை மனதார வேண்டிக்கொண்டேன்: தாயே, வாரம் ஒருதரம் இப்படி யாராவது வரவேண்டும்; வந்து, சாப்பிடாமல் போகவேண்டும்.