மனோரஞ்சிதத்தில் பாம்பு

நேற்று மாலை நாலரைக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. கொல்லையிலிருந்து வந்த என் மகள் யாழினி கையை நீட்டினாள். மணிக்கட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "மனோரஞ்சிதம் பறிச்சேம்மா. இன்னாவோ குத்திச்சு."

மனோரஞ்சித வாசனைக்குப் பாம்பு வரும் என்பதெல்லாம் கதை என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித் தருபவள் நான். தெருவுக்கே கேட்கும்படி "பாம்பு" என்று கத்தியவளும் நான்தான். பக்கத்து வீட்டில் தறி ஓசை நின்றது. அந்த வீட்டு அண்ணன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். "நீங்க ஜல்தியா கிளம்புங்க டீச்சர். பாம்ப நாங்க பாத்துக்கிறோம்."

ஆட்டோவில் யாழினி இன்னொரு கையை மூடியே வைத்திருந்தாள். விரலிடுக்கில் வாசனை கசிந்தது. அந்தப் பூ உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலை நிறத்திலேயே இலைக்குள் ஒளிந்திருக்கும். மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் மணந்து காட்டிக்கொடுக்கும். எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ அந்தப் பழமாக மணக்கும் என்பார்கள். எங்கள் செடியை வைத்தவன் என் அண்ணன். சின்ன வயதில் என் கண்ணைப் பொத்திப் பூவை மூக்கருகே பிடிப்பான்.

"இன்னா பழம் நினைச்சிகினு கீற?"

"பலா."

"பொய். உனக்குப் புளியங்காதான் வரும்."

அவன் சொல்லிவிட்டால் எனக்குப் புளியங்காய்தான் மணக்கும். அவன் காலமான பிறகு, பூக்கிற நாட்களில் கொல்லைக் கதவைச் சாத்துவதே இல்லை.

ஆஸ்பத்திரியில் யாழினியின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று காத்திருந்தார்கள். பாம்பு விஷம் ஏறியிருந்தால் உறையாமல் போகலாம். அவள் பூவை என்னிடம் நீட்டி, "எதையாவது நினைம்மா" என்றாள். முகர்ந்தேன். எந்தப் பழமும் வரவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் உறைந்தது. கடித்த தடம் மாதிரி இல்லை, முள்ளாக இருக்கும் என்றார் டாக்டர். அந்தச் செடிக்கு முள் உண்டு. சிறுமியாக இருந்தபோது எத்தனை முறை கீறிக்கொண்டிருக்கிறேன். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேயில்லை. எதற்கும் காலைவரை இருக்கட்டும் என்று படுக்கை கொடுத்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் இலைத்துணுக்கு. முழங்கைவரை, யாழினிக்கு இருந்த அதே சிவப்புப் புள்ளிகள். அவர் மேலெல்லாம் மனோரஞ்சிதம் மணந்தது.

"பாப்பா நல்லாகீதா? செடிய வேரோட தோண்டிட்டோம் டீச்சர். பாம்பு ஒண்ணும் ஆம்புடல. இனிமே எதுக்கு வரப்போவுது?"