தை அமாவாசையில் பழுத்த தக்காளி

1. புவனகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாட்டுத் தக்காளி பயிரிட்டேன். பழம் மடிப்பு மடிப்பாக இருக்கும், புளிப்பு அதிகம், தோல் மெல்லியது.
2. சிதம்பரத்தில் ஒரு சைவ மெஸ் தொடர்ந்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது.
3. முதல் பெரிய பறிப்பு முழுவதையும் அவர்களுக்காக ட்ரேக்களில் அடுக்கி எடுத்துப் போனேன்.
4. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
5. அன்று தை அமாவாசை.

நான் தோட்டக்கலை படித்தவள். விதைப்பு, பூ, காய் நிறம் மாறுவது எல்லாம் எக்செல்லில் தேதிவாரியாக இருந்தது. அமாவாசையன்று எங்கள் வீட்டிலும் தக்காளி சமைப்பதில்லை. ஆனால் அது அடுப்படி விஷயம். பறிப்பு அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மெஸ்ஸின் சமையல் மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கிப் போயி இத தூக்கினு வந்துருக்க? உள்ள தெவசச் சமையலு நடக்குது. வாழக்கா, பொடலங்கா, அவரக்கா, அவ்ளோதான்."

"இது நாட்டுத் தக்காளி மாஸ்டர்."

"பேரு வச்சுட்டா சீமத் தக்காளி நாட்டுக் காயாயிடுமா? மொதலாளி பாத்தாருன்னா ஒன்னையும் என்னையும் சேத்து வெளிய போட்ருவாரு. நாளைக்கி வா."

நாளை வரை அது தாங்காது. செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்தது. மார்க்கெட்டில் காட்டினேன். கடைக்காரர் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்து, "ஹைபிரிட்டுன்னா எறக்கு. இது பொழுது போறதுக்குள்ள தண்ணியா பூடும்" என்றார்.

விதை கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இந்தப் பருவம் விற்காவிட்டால் திரும்ப வேலைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். முதல் பறிப்பே உரக்குழிக்குப் போனால் அந்தப் பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும்.

அமாவாசைக்குத் தக்காளியை விலக்காத அடுப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். கடலூர் முதுநகரில் என் தோழியின் அக்கா ஸ்டெல்லா மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ட்ரேக்களைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

கடை காலியாக இருந்தது. ஸ்டெல்லா அக்கா ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

"அமாவாசைக்கி எங்கிட்ட எவன் வருவான்? எல்லாம் கடல்ல முழுக்குப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டானுங்க. நீ வேற தக்காளி தூக்கினு வர."

"அப்ப வேணாமாக்கா?"

"இருடி, அவசரப்படாத." ஒரு பழத்தைக் கடித்தவர் கண்ணைச் சுருக்கினார். "யம்மா! இன்னா புளிப்பு! இதப் போட்டா கொழம்புக்குப் புளி பாதி போதும்." பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். "இன்னிக்கே வதக்கி வச்சுடறேன். நாளைக்கிப் பாரு, இன்னிக்கி வுட்டதையும் சேத்துத் தின்ன வருவானுங்க."

நானும் உட்கார்ந்து நறுக்கினேன். ஒரு ட்ரே அடியில் நசுங்கியிருந்தது, மற்றவை தேறின.

மறுநாள் மதியம் அவரே போன் செய்தார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"கொழம்பு தீந்துபோச்சுடி. ஒருத்தன் எல வழிச்சு நக்கறான், வந்து பாரு. அடுத்து எப்ப பறிப்ப?"

அன்று கற்றது ஒன்றுதான். பழம் எப்போது பழுக்கும் என்பது செடியின் கணக்கு. எப்போது சமைப்பார்கள் என்பது வாங்குபவரின் கணக்கு. விற்பவள் இரண்டையும் பார்க்க வேண்டும். மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த முறை ரசத்துக்கு வாங்கிக்கொண்டு, "இன்னிக்கி திதி பாத்துட்டுத்தான வந்த?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதைய நிலை: மெஸ்ஸுக்கு மற்ற நாட்களில் பழம் போகிறது. அமாவாசையை ஒட்டிப் பழுப்பது முதுநகருக்குப் போகிறது. அடுத்த பாத்திக்கு நாற்று விட்டிருக்கிறேன். வேலைக்கு எங்கும் விண்ணப்பிக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.