வரென்னாவுக்கு இரண்டு பேர்

அஜ்மானில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் சுகிர்தராணி நர்ஸ். நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் அவள் வேலையில் பாதி. எதிர்ச் சுவரை மூடி ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு ஏரி. தண்ணீருக்குள் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், நடுவில் ஒரு கோபுரம். நோயாளியின் பயத்தைக் குறைக்க ஒட்டியது. நோயாளி அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவான். சுகிர்தராணிதான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாணமான அடுத்த மாதமே புருசன் ஜஸ்டஸ் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே ஒரு கம்பெனியில் ஏசி டெக்னீசியன். மகள் சுபிஷா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகு இவளுக்கு அஜ்மானில் வேலை கிடைத்தது. பிள்ளையை மார்த்தாண்டத்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தாள். "புருசன் பக்கத்துலயே போயிட்டா" என்று ஊரில் சொன்னார்கள். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். நடுவில் ஒரு எல்லை இருந்தது. அவளுக்கு மூன்று பெண்களோடு ஒரு அறை, அவனுக்கு ஐந்து ஆண்களோடு மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு அறை. பெருநாள் லீவுக்கு எப்போதாவது அவன் பஸ் பிடித்து வருவான். இருவரும் அஜ்மான் கடற்கரையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்சல் பிரியாணி தின்பார்கள். இருட்டியதும் அவன் துபாய் அல் கூஸில் சொந்தக்காரப் பையன் ஒருவனுடைய ரூமுக்குப் படுக்கப் போய்விடுவான். காவலுக்கு வரும் போலீஸ்காரரைப் பார்த்தால் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள், கல்யாணமானவர்கள் என்பதே மறந்துபோய்.

ஊரில் சேர்ந்து லீவு கிடைத்த வருடங்களிலும் தனியாக இருந்தது கிடையாது. வீடு நிறைய ஆள். ஒருநாள் கல்யாணம், ஒருநாள் கோயில் திருவிழா, ஒருநாள் மாமியாருக்கு ஆஸ்பத்திரி. அந்தச் சந்தடியில் புருசனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்து லீவு முடிந்துவிடும்.

ஒருநாள் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் ஹர்ஷினி அந்தச் சுவரைப் போனில் படமெடுத்துத் தேடினாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண். "அக்கா, இது ரியல் ப்ளேஸ். இத்தாலி. வரென்னான்னு பேரு. கோமோ ஏரிக்கரையில இருக்கு. கப்பிள்ஸ் எல்லாம் போறாங்க, ரொம்ப ரொமாண்டிக்காம்" என்றாள்.

நிஜமாகவே இருக்கிற ஊர் என்று அதுவரை சுகிர்தராணிக்குத் தோன்றியதே இல்லை. எவனோ வரைந்தது என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு டூட்டி முடிந்து அறைக்குப் போகும் வழியிலேயே ஜஸ்டஸைக் கூப்பிட்டாள்.

"நாம ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குப் போவமா?"

"எங்க, வேளாங்கண்ணிக்கா?"

"இத்தாலிக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "சரி, சொல்லு" என்றான்.

அப்படித்தான் தொடங்கியது. அதுவரை அவர்களுடைய போன் பேச்சு எல்லோருடையதையும் போலத்தான். சாப்பிட்டியா, பிள்ள போன் பண்ணிச்சா, டூட்டி முடிஞ்சுதா. இப்போது பேச விஷயம் வந்துவிட்டது. மிலானில் இறங்கி ரயில் பிடிக்கவேண்டும், ஏரிக்கரையோடு போகும் ரயில், இடது பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும் என்று அவள் சொல்வாள். ஏரியைக் குறுக்கே கடக்கும் படகு என்ன எஞ்சினில் ஓடுகிறது, கார்கூட ஏற்றுவார்களாமே என்று அவன் கேட்பான். ஊருக்குள் கார் போகாது, எல்லாம் கல் படிக்கட்டுச் சந்துகள், மேலே மலையில் ஒரு பழைய கோட்டை, எழுநூறு வருடத்துக் கோயில் ஒன்று என்று அவள் படித்ததையெல்லாம் ஒப்பிப்பாள். "ஏரியில மீன் உண்டுமா?" என்று கேட்டான். உண்டு, பிடித்து உப்புப் போட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள் என்று தேடிப் பார்த்துச் சொன்னாள். "அப்ப கருவாடு! எட்டி, நம்மாளுவதான் அங்கயும்" என்று அவன் போட்ட சத்தத்தில் ரூமில் யாரோ அதட்டியது இவளுக்குக் கேட்டது.

இப்படிச் சிரித்துப் பேசுகிறவன் என்று புருசனை அவள் அறிந்திருக்கவில்லை. மாலை ஆனால் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வாள். கூட இருந்த பெண்கள் கேலி பண்ணினார்கள். சுபிஷாகூட, "அம்மா, அப்பாகிட்ட பேசும்போது ஒங்க வாய்சே மாறிப்போகுது" என்றாள். கண்ணாடியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குத் திரும்ப வந்தது. கட்டில் ஜன்னலோரம் இருக்கிற அறையாகத் தேடி, ஒரு சின்ன ஓட்டலில் இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள்.

விசாவுக்கு அவரவர் இருக்கும் நாட்டில் அவரவர் போய் நிற்கவேண்டும். இவள் துபாயில் கைரேகை வைத்தாள். இவளுக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவன் கூப்பிட்டான்.

"தள்ளிட்டானுவ சுகிர்தம்."

"ஏன்? என்ன காரணம் சொன்னானுவ?"

"காரணமெல்லாம் யாரு கண்டா. நமக்கு விதிச்சது அவ்வளவுதான், விடு."

அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அப்புறம் அவனை நினைத்து அழுதாள். எவ்வளவு ஆசையோடு எஞ்சினைப் பற்றியெல்லாம் கேட்டான், இப்போது ஐந்து பேர் நடுவில் முகத்தை எங்கே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறானோ. அந்த வார லீவோடு ஒரு நாள் சேர்த்துக் கேட்டு வாங்கி, அவனிடம் சொல்லாமல் மஸ்கட் பஸ்ஸில் ஏறினாள்.

ரூவியில் அவன் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு செல்போன் கடை. அது ஆண்கள் தங்கும் கட்டடம், மேலே ஏற முடியாது. வாசலில் நின்று கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் ஜெகின் இறங்கி வந்தான். அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஊர்க்காரப் பையன், அவளுக்குக் கொழுந்தன் முறை. ஆட்களின் பாஸ்போர்ட்டுகள் கம்பெனி லாக்கரில் இருக்கும். யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான்.

"மைனி! நீங்களா? அண்ணன் குளிக்காரு. நீங்க வாறீங்கன்னு சொல்லவே இல்லியே."

"சும்மாதான் வந்தேன். விசா இல்லைன்னு ஆன பிறவு அவரு எப்பிடி இருக்காரு?"

"என்ன விசா?"

"இத்தாலி விசா."

ஜெகின் விழித்தான். "அண்ணன் பாஸ்போர்ட்டே கேக்கலியே மைனி. லாக்கர்லதான் கெடக்கு. கேட்டா நாந்தானே எடுத்துக் குடுக்கணும்?" சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் புரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரும் கூப்பிடாமலே தெருவைக் கடந்து போய்விட்டான்.

ஜஸ்டஸ் ஈரத் தலையோடு இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் சந்தோசப்பட்டான், பொய்யில்லை. பக்கத்துக் கேரள ஓட்டலில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் திரைபோட்ட தடுப்புகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தார்கள். அவன் இரண்டு புட்டும் கடலையும் சொன்னான். புட்டு வந்த பிறகுதான் அவள் ஆரம்பித்தாள்.

"நீங்க விசாவுக்குப் போகவே இல்ல."

அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"போவணும்னு இல்லாட்டா மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? நான் என்ன கழுத்தப் பிடிச்சா இழுத்தேன்?"

"போவணும்னுதான் இருந்திச்சு. பேசப் பேச நல்லாருந்திச்சு சுகிர்தம். அப்பொறம் நீ ஓட்டல்ல அந்த ஜன்னலோரக் கட்டிலுக்க படத்த அனுப்பினியே. அதப் பாத்ததும்..." அவன் நிறுத்தினான். "ஏழு நாளு. நீயும் நானும் மட்டும். என்னத்தப் பேசுவோம்?"

"இத்தன மாசமா பேசினது?"

"அது இத்தாலியப் பத்தியில்லா பேசினோம். அங்க போயிட்டா அதும் தீந்துருமே."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தது. அவன் புட்டைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். பசியோடு சாப்பிட்டான். மனத்திலிருந்த பாரத்தை இறக்கிவிட்டவனுடைய பசி அது. அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். வேறொருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால்கூடத் திட்டுவதற்கு வார்த்தை கிடைத்திருக்கும். இதற்கு எந்த வார்த்தையும் கிடைக்கவில்லை. அன்று மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

அக்டோபரில் அவள் தனியாகப் போனாள். துணிச்சல் என்று ஹர்ஷினி சொன்னாள். துணிச்சல் ஒன்றுமில்லை, வெறும் ஆத்திரம். ஹர்ஷினியின் ஸ்வெட்டரைச் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு வரென்னா ரயில் நிலையத்தில் இறங்கினாள். ஓட்டல்காரி அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இன்னொரு ஆள் பெட்டியோடு வருகிறாரா என்று. "ஒன்லி மீ" என்றாள் சுகிர்தராணி. மறுநாள் காலையிலும் மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

கோயிலின் வெளிச் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு புனித கிறிஸ்தோபர் ஆள் உயரத்துக்கு மேலே நின்றார், நிறம் மங்கிப்போய். பயணிகளின் பாதுகாவலர். சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள், என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஏரியோரம் பாறையை ஒட்டி இரும்பில் ஒரு நடைபாதை கட்டியிருந்தார்கள், காதலர் நடை என்று அதற்குப் பேர். அதில் ஜோடி ஜோடியாக வந்தார்கள். வழி குறுகல் என்பதால் ஒவ்வொரு ஜோடிக்கும் அவள் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியிருந்தது. ஒரு வயதான ஜோடி அவளிடம் போனை வாங்கி அவளைப் படமெடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனாலும் அழுதுகொண்டே இருந்தாள் என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து ஒரு அறையில் தனியாக அவள் தூங்கியதே இல்லை. இரண்டாம் நாள் மழை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கினாள். விழித்துக் கிடந்தபோது, ஜஸ்டஸ் இப்போது பக்கத்தில் இருந்தால் என்ன பேசுவேன் என்று யோசித்தாள். மழை பெய்யுது. பசிக்குதா. பிள்ளைக்குப் போன் போடுவமா. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தாள். அவன் சொன்னது சரியென்று தெரிந்த அந்த நேரத்தில்தான் அவன்மேல் அவளுக்கு உண்மையான வெறுப்பு வந்தது.

நடைபாதையில் எடுத்த படத்தைச் சுபிஷாவுக்கு அனுப்பினாள். சுபிஷா குடும்ப குரூப்பில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் ஜஸ்டஸ் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். "இத்தாலி" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். படம் எடுத்தது அவன்தான் என்று சொந்தபந்தம் எல்லாம் நினைத்துக்கொண்டது. மைனிக்கு ராஜ வாழ்க்கை, அண்ணன் கலக்கிட்டாரு என்று வந்து குவிந்தது. ஜஸ்டஸ் ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டான்.

கிறிஸ்துமசுக்கு இருவருக்கும் லீவு கிடைத்தது. ஊரில் வீடு நிறைய ஆள். பெருநாள் அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுடைய தம்பி இத்தாலியைப் பற்றிக் கேட்டான். சுகிர்தராணி பாத்திரத்தோடு உள்ளே போகப்போனவள் நின்றாள்.

ஜஸ்டஸ் முதலில் தயங்கினான். அப்புறம் சொல்லத் தொடங்கினான். நடு ஏரியில் படகு எஞ்சின் நின்றுபோன கதை. இத்தாலிக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான், இவன் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்குகிறான், ஒரு கம்பியும் கொஞ்சம் துணியும் வைத்து எஞ்சினை ஓட வைக்கிறான், கரையில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். "இவ பயந்துபோயி எனக்க கையப் பிடிச்சிட்டு விடவே இல்ல" என்று சிரித்தான். எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"அவரு வரல்ல" என்றாள் சுகிர்தராணி. "நான் தனியாத்தான் போனேன்."

 மாமியார்தான் முதலில் சிரித்தாள். "பாரு, எஞ்சின்ல கைய வச்ச கோவம் இன்னும் தீரல்ல இவளுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜஸ்டஸும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. சுபிஷா மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். 

லீவு முடிந்து திருவனந்தபுரத்தில் அவன் மஸ்கட் விமானத்துக்கும் இவள் சார்ஜா விமானத்துக்குமாகப் பிரிந்தார்கள். போன் இப்போதும் தினமும் உண்டு. சாப்பிட்டியா, பிள்ள கூப்பிட்டாளா. போன மாதம் ஒருநாள் அவன், "சுவிட்சர்லாந்து எப்பிடி இருக்கும் சுகிர்தம்? அங்கயும் ஏரி உண்டாம்" என்று ஆரம்பித்தான். குரலில் பழைய உற்சாகம் வந்திருந்தது.

"நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போனாள். அவன் பார்த்துச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.